பூட்டிக் கிடக்கும் சர்க்கார் இடத்தை மாநகராட்சி கைக்கு மாற்ற வைப்பது எப்படி? பெங்களூரில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

உங்கள் தெருவிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். காம்பவுண்டு சுவர் பாதி விழுந்து, உள்ளே முட்செடி மண்டி, கேட்டில் துருப்பிடித்த பூட்டு தொங்கும். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போவார்கள். இருட்டினால் பெண்கள் அந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள். யாருடைய இடம் என்று கேட்டால் "அது கவர்ன்மென்ட் ஜாகா" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் பகுதியிலும் பல வருஷம் அப்படித்தான் முடிந்தது.

நான் இருப்பது நகரத்தின் ஓரத்தில், ஒரு காலத்தில் ராகி வயலும் ஏரியுமாக இருந்து பிறகு நகரத்துக்குள் வந்த ஒரு பகுதி. தெருவில் பாதி வீடுகளில் தமிழ்தான். கோலார் தங்கவயல், வேலூர், தர்மபுரி என்று பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். தெருமுனையில் ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டடம் ஒன்று, சுற்றிலும் பத்து குண்டே நிலம். (40 குண்டே ஓர் ஏக்கர்.) இன்று அது மாநகராட்சியின் பூங்கா. அந்த மாற்றத்துக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் பாதிக் காலம், விவரம் தெரியாமல் தப்பான மேசைக்கு முன்னால் நின்றதில் போனது. அந்தப் பாதியை நீங்கள் மிச்சப்படுத்தலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கண்ணுக்கு எல்லாமே கவர்ன்மென்ட்தான். காகிதத்தில் அப்படி இல்லை. தனியாருக்குச் சொந்தமில்லாத நிலம், 1964-ஆம் ஆண்டு கர்நாடக நிலவருவாய்ச் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி மாநில அரசுக்குச் சொந்தம். மாநகராட்சி, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் பாலிகே, தனி அமைப்பு. தன் கைக்கு வராத நிலத்தில் வேலி போடவோ விளக்கு போடவோ அது பணம் செலவழித்தால் தணிக்கையில் கேள்வி வரும். அதனால்தான் எத்தனை முறை புகார் கொடுத்தாலும் "அது எங்க இடம் இல்ல சார்" என்ற பதில் வருகிறது. அந்தப் பதில் பொய் இல்லை. அதை மாற்ற ஒரே வழி, இடத்தை அவர்கள் கைக்கு மாற்றுவது. மாநில அரசிடம் இடத்தைக் கேட்க வேண்டியதும் நீங்கள் இல்லை, பாலிகேதான். அதைக் கேட்க வைப்பதும், கேட்டபின் காகிதம் மேசை மேசையாகப் போகும்போது கூடவே நடப்பதும்தான் உங்கள் வேலை.

இடம் யாருடையது: முதல் மாதம் முழுவதும் இதற்கே

'திஷாங்க்' என்று கர்நாடக அரசின் செயலி ஒன்று இருக்கிறது. இலவசம். அந்த இடத்தின் முன்னால் நின்று அதைத் திறந்தால், நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே நம்பர், கிராமம், ஹோப்ளி (தாலுகாவின் உட்பிரிவு), தாலுகா எல்லாம் வந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு 'பூமி' இணையதளத்தில் ஆர்.டி.சி. எடுங்கள். பஹணி என்று சொல்லும் நில உரிமைப் பதிவு இதுதான். அதில் 9-ஆவது பத்தியில் உடைமையாளர் பெயர் இருக்கும். 11-ஆவது பத்தியில் மற்ற உரிமைகள், பாரங்கள் இருக்கும். பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

எல்லாம் கன்னடத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். பத்து வார்த்தை தெரிந்தால் போதும். 'சர்க்காரி பீளு' என்றால் சாகுபடியில் இல்லாத அரசுத் தரிசு. 'கோமாளா' மேய்ச்சல் நிலம். 'கெரெ' ஏரி. 'ராஜகாலுவே' ஏரிகளை இணைக்கும் பெரிய வாய்க்கால். 'கராபு' இரண்டு வகை. 'ஏ கராபு' சாகுபடிக்கு ஆகாதது, 'பி கராபு' வழி, வாய்க்கால் மாதிரி பொது உபயோகத்துக்கு ஒதுக்கியது. 'ஒத்துவரி' ஆக்கிரமிப்பு. 'ஹஸ்தாந்தரா' கைமாற்றம். இந்தக் கடைசி வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மனுவின் தலைப்பே அதுதான். ஏரி, ராஜகாலுவே என்று வந்தால் அந்த இடத்தில் கட்டடம் கேட்காதீர்கள். அது தண்ணீருக்கு உரிய இடம்.

பழைய கன்டோன்மென்ட் பக்கம், அதாவது அல்சூர், மர்பி டவுன், சிவாஜி நகர் மாதிரி இடங்களில் பஹணி கிடைக்காது. அங்கே சிட்டி சர்வே கணக்குதான். 1949-இல்தான் சிட்டியையும் கன்டோன்மென்ட்டையும் சேர்த்து ஒரே கார்ப்பரேஷன் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய ஆவணங்கள் தனித்தனியாக இருப்பதால் தேடல் கொஞ்சம் நீளும்.

நிலம் அரசுடையது என்று தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எந்தத் துறை அதை வைத்திருந்தது என்பது அடுத்த கேள்வி. எங்கள் இடத்துப் பஹணியில் 'சர்க்காரி' என்று மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடமாக இருந்தது என்றார் ஒருவர், போலீஸ் குவார்ட்டர்ஸ் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு ஆயா மட்டும், "அங்க மாட்டுக்கு ஊசி போடுவாங்கப்பா, எங்க எருமையைக் கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் நிலைக்கு மேலே இருந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தோம். நீலப் பெயிண்டில் கன்னட எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன: 'பசு சிகித்சாலய'. கால்நடை மருந்தகம். ஆயா சொன்னதுதான் சரி. ஆகவே வயதானவர்களை முதலில் கேளுங்கள். அப்புறம் சுவரைப் பாருங்கள்.

அரசு என்றால் எந்த அரசு?

ராணுவ நிலம், ரயில்வே நிலம் எல்லாம் மத்திய அரசுடையவை. அவற்றை மாற்றித் தர மாவட்ட டி.சி.க்கு (தமிழ்நாட்டில் கலெக்டர் என்பார்களே, அவர்) அதிகாரம் கிடையாது. கோயில் நிலம் முஜ்ராய் (அறநிலையத்) துறையின் பார்வையில் இருந்தாலும் அது கோயிலுக்குச் சொந்தம். வக்ஃப் நிலமும் அப்படியே. பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) போட்ட லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடமானால் பி.டி.ஏ.விடமிருந்து பாலிகேக்கு ஒப்படைத்தார்களா என்று கேட்டாலே போதும். அது வேறு வழி, பெரும்பாலும் இதைவிடச் சுலபம்.

வாரிசு இல்லாமல் இறந்தவரின் பூட்டிய வீட்டை அரசு எடுத்துக்கொள்ளுமே என்று பலர் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ளும். அரசியலமைப்பின் 296-ஆவது பிரிவும், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் வாரிசே இல்லை என்று விசாரித்து முடிவாக வேண்டும், அந்தச் சொத்தின் கடனும் பொறுப்பும் கூடவே வரும், நடுவில் எங்கிருந்தோ ஒரு மருமகன் உயிலோடு வருவார். வீடு பூட்டியிருக்கிறது என்பதால் மட்டும் அது சர்க்கார் சொத்து ஆகிவிடாது. முதல்முறை இறங்குபவர்கள் இந்த வகையைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

உள்ளே யாராவது இருக்கிறார்களா?

இதைக் கவனமாகப் படியுங்கள். பாழடைந்த குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம் இருக்கலாம். சுவரோரத்தில் ஒரு பூக்காரம்மா கடை போட்டிருக்கலாம். நீங்கள் கொடுக்கும் மனுவில் 'ஆக்கிரமிப்பை அகற்றி' என்று எழுதும் ஒரு வரி அவர்களைத் தெருவில் நிறுத்தும். அரசுக் கட்டடத்தில் இருப்பவர்களை வெளியேற்ற 1974-ஆம் ஆண்டு கர்நாடகச் சட்டம் ஒன்று உண்டு. அதில்கூட நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே மனு எழுதும் முன்னால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் இடத்து வாசலில் இளநீர் விற்றவரைத் திட்டத்தின் வரைபடத்திலேயே சேர்த்தோம். கேட்டுக்கு இடப்பக்கம் அவருக்கு ஆறடி. இன்றும் அங்கேதான் இருக்கிறார். ராத்திரியில் இடத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

வசதியானவர்கள் வளைத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. அங்கே தாமதிக்கக் கூடாது. 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, அரசு தன் நிலத்தை மீட்க வழக்குப் போட 30 வருஷம் அவகாசம். அது கடந்தால் அனுபவ பாத்தியதை என்று வாதாட இடம் கிடைத்துவிடும்.

எதற்காகக் கேட்கிறீர்கள், யார் நடத்துவார்கள்?

நாங்கள் முதலில் நூலகம் கேட்டோம். தமிழும் கன்னடமும் இரண்டு அலமாரி, பிள்ளைகள் படிக்க நான்கு மேசை என்று கனவு. ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, இங்கே பொது நூலகங்களை நடத்துவது பாலிகே இல்லை. 1965-ஆம் ஆண்டு கர்நாடகப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியை வசூலிப்பது மட்டும்தான் மாநகராட்சியின் வேலை. நூலகத்தை நடத்துவது நூலகத் துறையின் கீழ் உள்ள அமைப்பு. அங்கன்வாடியும் இப்படித்தான், அது மகளிர் குழந்தைகள் நலத் துறையுடையது. அவற்றுக்கு இடம் கேட்பதானால் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றக் கேட்க வேண்டும், பாலிகே நடுவில் வரவே வேண்டாம்.

பூங்கா, விளையாட்டுத் திடல், சுடுகாடு, கழிப்பறை போன்றவை மாநகராட்சியின் சொந்த வேலைகள். அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று உள்ள 18 பொறுப்புகளில் இவை வருகின்றன. ஆகவே அவற்றுக்குக் கேட்டால் 'இது எங்கள் வேலை இல்லை' என்று சொல்ல முடியாது. நாங்கள் பூங்கா என்று மாற்றி எழுதினோம், பழைய கட்டடத்தைப் படிக்கும் கொட்டகையாக வைத்துக்கொள்வது என்று ஒரு வரி சேர்த்தோம். காரியம் நடந்தது.

மனு

ஒரே பக்கம். கன்னடத்தில். தமிழர்களாகிய நாம் தயங்கி ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறோம், அது தவறு என்று அனுபவத்தில் சொல்கிறேன். நம் மனுவைப் பார்த்துக் கீழ்நிலை அலுவலர் ஒருவர் 'டிப்பணி' எழுதுவார். கோப்பு மேலே போவது அந்தக் குறிப்போடுதான். மனு நல்ல கன்னடத்தில் இருந்தால் நம் வாக்கியங்களே அப்படியே குறிப்பில் ஏறும். ஆங்கிலத்தில் இருந்தால் அவர் சுருக்குவார், சுருக்கும்போது முக்கியமானது விழுந்துவிடும். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கன்னட டீச்சர் அம்மா. கையெழுத்தும் எல்லா மொழி வீடுகளிலும் வாங்குங்கள். இது தமிழர்கள் கேட்கும் இடம் என்ற எண்ணம் எங்கும் வரக் கூடாது. உண்மையிலும் அது தெருவுக்கே பொதுவான இடம்தானே.

மனுவில் சர்வே நம்பர், பரப்பு, எந்தத் துறை வைத்திருந்தது, எத்தனை வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, என்ன தேவை, அதே வசதி அருகில் எங்கே இருக்கிறது, எத்தனை தூரம் என்பவை இருக்கட்டும். பஹணி நகலும் நான்கு போட்டோவும் இணையுங்கள். யாரையும் குறை சொல்லும் வரி வேண்டாம்.

யாருக்கு அனுப்புவது? பழைய பி.பி.எம்.பி. விலாசத்தைப் பார்த்து அனுப்பாதீர்கள். 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து, மேலே கிரேட்டர் பெங்களூரு அதாரிட்டி. உங்கள் வார்டு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று பார்த்து அதன் கமிஷனருக்கு அனுப்புங்கள். நகல் எம்.எல்.ஏ.வுக்கும் தாசில்தாருக்கும். கேட்பது ஒன்றே ஒன்று: 'இந்த இடத்தைப் பொது உபயோகத்துக்காக மாநகராட்சிக்கு ஹஸ்தாந்தரா செய்யும்படி மாவட்ட டி.சி.க்குப் பிரஸ்தாவனை (முன்மொழிவு) அனுப்புங்கள்.' தபால் பிரிவில் உங்கள் நகலில் சீலும் நம்பரும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள். வார்டு கமிட்டி கூடும்போது அங்கேயும் வைத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

அளவை நாள்

பாலிகேயின் கடிதம் டி.சி. அலுவலகத்துக்குப் போனதும் அங்கிருந்து தாசில்தாருக்கு அறிக்கை கேட்டு வரும். கிராம நிர்வாக அலுவலர், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து மஹஜர், அதாவது நேரில் பார்த்த குறிப்பு, எழுதுவார்கள். சர்வேயர் ஹத்துபஸ்து செய்வார், அதாவது எல்லை அளந்து குறிப்பார். இந்த நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். லீவு போட்டாவது இருங்கள்.

எங்கள் சர்வேயர் பழைய டிப்பன் (நில அளவைக் குறிப்பு) நகலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எதையோ தேடினார். கடைசியில் சாக்கடைப் பலகைக் கல்லைத் தூக்கச் சொன்னார். அதற்கு அடியில் கழுத்தளவு மண்ணில் புதைந்து, தலையில் உளியடையாளத்தோடு எல்லைக் கல் இருந்தது. அதிலிருந்து அளந்தபோது பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர் மூன்றடி உள்ளே வந்திருந்தது. அந்த வீட்டு அண்ணன் முகம் வாடிப்போய், "தம்பி, எங்கப்பா கட்டினது, எனக்கே தெரியாது" என்றார். உண்மைதான். ஆனாலும் வரைபடத்தில் அதைக் காட்டாமல் விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். இன்று மறைத்தது நாளை மொத்த மாற்றத்தையும் வழக்கில் இழுத்துவிடும். அவர் இரண்டு மாதத்தில் சுவரைத் தள்ளிக் கட்டிக்கொண்டார்.

இதே சமயத்தில் இடத்தை வைத்திருந்த துறையிடமிருந்து ஆட்சேபமில்லை என்ற கடிதம் வர வேண்டும். கட்டடம் நிற்கும் நிலையில் இருக்கிறதா என்று பி.டபிள்யூ.டி. என்ஜினியர் எழுதித் தர வேண்டும். அதிக நாள் இழுப்பது இந்தக் கட்டம்தான். எந்தத் துறையும் 'பிற்காலத்தில் தேவைப்படலாம்' என்றே முதலில் எழுதும். எத்தனை வருஷமாக அங்கே ஊழியர் யாரும் இல்லை, மின் இணைப்பு எப்போது துண்டிக்கப்பட்டது என்று கேட்டுத் தகவல் வாங்கி வைத்திருந்தால் பதில் சொல்லச் சுலபம்.

கோப்பு எங்கே நிற்கிறது?

தாசில்தார், ஏ.சி. (உதவி ஆணையர்), அப்புறம் கே.ஜி. ரோடு கந்தாய பவனில் இருக்கும் டி.சி. அலுவலகம். நிலத்தின் மதிப்பையும் தன்மையையும் பொறுத்து அங்கேயே முடியலாம், வருவாய்த் துறைக்கும் அமைச்சரவைக்கும்கூடப் போகலாம். எங்கள் கோப்பு ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது. ஐந்து மாதம் "மேலே போயிடுச்சு" என்றார்கள். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போட்ட பிறகு அதே அறையில், வேறொரு கிராமத்துக் கோப்புக் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தது தெரிந்தது.

ஆர்.டி.ஐ.யைச் சண்டைக்காகப் போடாமல், கோப்பைத் தேடும் டார்ச் லைட்டாகப் பயன்படுத்துங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டர் போதும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள் என்ற விதி உண்டு, மீறினால் திருப்பி அனுப்புவார்கள். கோப்பு எண், இன்று யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, குறிப்புப் பக்கங்களின் நகல். இவ்வளவு கேட்டால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு.

இதையெல்லாம் கேட்க நீங்கள் யார் என்று யாராவது மடக்கினால் குரலை உயர்த்த வேண்டாம். சதாசிவநகர் பக்கம் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள்தான் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொது இடத்தைப் பற்றிக் கேட்க அங்கே குடியிருப்பதே போதுமான உரிமை.

உத்தரவு வந்த பிறகு

ஸ்வீட் வாங்கும் முன்னால் உத்தரவை வரி வரியாகப் படியுங்கள். நிலத்தையே கொடுத்திருக்கிறார்களா, குத்தகையா, பராமரிப்புக்கு மட்டுமா? மூன்றும் வேறு வேறு. பராமரிப்புக்கு மட்டும் என்றால் நிலம் மாநிலத்துடையதாகவே இருக்கும், நாளை வேறு காரியத்துக்குத் திரும்ப எடுக்கலாம். பூங்காவுக்கு அது போதும். பெரிய கட்டடம் கட்டுவதானால் போதாது. எத்தனை நாளுக்குள் உபயோகத்துக்குக் கொண்டுவர வேண்டும், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற நிபந்தனைகளும் அதிலேயே இருக்கும்.

உத்தரவு வந்து இரண்டு வருஷம் ஆகியும் பஹணி மாறாமல் கிடக்கும் இடங்கள் இந்த ஊரில் உண்டு. அதனால் மூன்று காரியங்களை விடாமல் செய்ய வையுங்கள். துறை ஆளும் பாலிகே ஆளும் இடத்தில் நின்று, சாவியைக் கொடுத்து வாங்கி, ஒப்படைப்புக் குறிப்பில் கையெழுத்துப் போட வேண்டும். நிலத்தையே கொடுத்திருந்தால் பஹணியின் 9-ஆவது பத்தி மாற வேண்டும், இல்லாவிட்டால் 11-ஆவது பத்தியிலாவது உத்தரவு எண் ஏற வேண்டும். மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இடம் ஏற வேண்டும். பதிவேட்டில் இல்லாத இடத்துக்கு பட்ஜெட்டில் ஒரு பைசா வராது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், வேலி, விளக்கு, தண்ணீர் இணைப்புக்கான மதிப்பீட்டை டிசம்பரிலேயே வார்டு என்ஜினியரிடம் கேட்கத் தொடங்குங்கள்.

வேலிக்குப் பணம் வரும்வரை காத்திருக்காமல் நாங்கள் ஒரு பலகை மட்டும் அடித்தோம், பாலிகே அனுமதியோடு. சர்வே நம்பர், பரப்பு, உத்தரவு எண், தேதி, 'மாநகராட்சிச் சொத்து', எல்லாம் கன்னடத்தில். அடுத்த நாளிலிருந்து இடிபாடு கொட்டும் வண்டி வரவில்லை. எல்லைக் கற்களுக்கு வெள்ளை அடித்து ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப் பஹணி ஒன்று எடுத்து, போன வருஷத்ததோடு 9-ஆவது, 11-ஆவது பத்திகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதே ஃபைலில் போடுகிறோம். அந்த ஃபைல் இப்போது எதிர்வீட்டு ஆயா வீட்டு பீரோவில் இருக்கிறது.